கார்த்திகை வெயிலில் ஒரு சுவர்

ஆவணியில் கிரகப்பிரவேசம் முடிந்தது. வந்தவர்கள் எல்லாரும் வாசலில் ஒரு நிமிஷம் நின்று, அண்ணாந்து பார்த்து, "முகப்பு அம்சமா இருக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் பந்திக்குப் போனார்கள். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. சிவகங்கைப் பக்கம் ஒரு சின்ன ஊரில், முப்பது வருஷச் சம்பளத்தில் கட்டிய தெற்குப் பார்த்த வீடு.

கார்த்திகை முதல் வாரம் ஒரு நாள் காலை ஏழு மணி. பல் விளக்கிக்கொண்டே தெருவுக்குப் போன அப்பா, வாயில் பேஸ்ட் நுரையோடு கத்தினார். "டேய், இங்க வாடா. இதப் பாரு."

பார்த்தேன். சுவர் முழுக்க அலை. ஜன்னலுக்கு மேலே ஒரு மேடு, அதற்குக் கீழே ஒரு பள்ளம், அஞ்சடிக்கு ஒருமுறை குறுக்கே ஒரு நீளமான தடம். காற்றில் காயப்போட்ட வேட்டி அப்படியே உறைந்து நின்ற மாதிரி இருந்தது. மூன்று மாதமாகத் தினமும் பார்த்த சுவர்தான்.

கொத்தனாருக்குக் கடைசித் தவணை பதினைந்தாயிரம் பாக்கி இருந்தது. "ஒத்தப் பைசா கிடையாது" என்று அப்பா அன்றைக்கே முடிவுகட்டிவிட்டார். மறுநாள் கொத்தனார் வந்தார். அப்பாவைவிட நாலைந்து வயது சின்னவர். சைக்கிளை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சுவரையே பார்த்தார்.

"பூசுனப்ப நல்லாத்தானேண்ணே இருந்துச்சு?"

"அப்ப எனக்குக் கண்ணு தெரியலயாக்கும்?"

அவர் பதில் சொல்லவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ரெண்டு பேர் சொன்னதும் உண்மை என்று எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. அதைத் தெரிந்துகொள்ள ஒரு சுவரின் கதையைக் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டியிருந்தது. அந்தக் கதைதான் இது.

நூல் பிடிப்பவர்கள்

முதலில் வெயில். நம்ம ஊர் பத்து டிகிரி அட்சரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆவணியில் சூரியன் கிழக்கிலிருந்து கொஞ்சம் வடக்கே தள்ளி உதிக்கும், உச்சிப்பொழுதில் கிட்டத்தட்ட தலைக்கு மேலே நிற்கும். தெற்குப் பார்த்த சுவரில் அப்போது காலை வெயில் படாது. புரட்டாசியில் சூரியன் உதிக்கும் இடம் நேர்கிழக்கைத் தாண்டித் தெற்கே போக ஆரம்பிக்கும். கார்த்திகையில் கிழக்கிலிருந்து இருபது டிகிரி போலத் தெற்கே தள்ளி உதிக்கும். அந்தக் காலை வெயில் சுவருக்கு நேரே அடிக்காது, சுவரைத் தடவிக்கொண்டு பக்கவாட்டில் போகும். மூன்று மில்லிமீட்டர் மேடு கூட அந்த வெளிச்சத்தில் நிழல் விழுத்தும். ஆக, சுவர் ஆவணியிலிருந்தே அப்படித்தான் இருந்திருக்கிறது. அதைக் காட்டுகிற வெயில் வர மூணு மாசம் ஆகியிருக்கிறது.

கட்டுமானத்துக்கும் நிழலுக்கும் உள்ள உறவு நமக்குப் புதிதில்லை. பத்துப்பாட்டில் ஒன்றான நெடுநல்வாடையில் பாண்டியனின் அரண்மனையை மனையடி வகுக்கும் இடம் வருகிறது. சூரியன் எந்தப் பக்கமும் சாயாத நடுப்பகலில், கோல் நட்டு அதன் நிழலைப் பார்த்துத் திசை குறித்து, கயிறு கட்டி அளந்து கட்டுகிறார்கள். அளப்பவர்களை நூல் அறிந்தவர்கள் என்கிறது பாட்டு. அது சிற்ப நூலா, கையில் பிடித்த கயிறா? தமிழில் ரெண்டுக்கும் ஒரே சொல். இன்றைக்கும் எங்கள் ஊரில் கொத்தனார் "நூல் பிடி" என்றால் சித்தாள் ஓடிப்போய்க் கயிறின் மறுமுனையைப் பிடிப்பாள்.

அதே பாட்டில் கொஞ்சம் தள்ளி, வெள்ளி போல மின்னும் சுதை பூசியதும், செம்பால் செய்தது போன்ற நெடிய சுவரும் வருகின்றன. சுதை என்றால் சுண்ணாம்புச் சாந்து. சுவரைப் புகழ வேண்டும் என்றால் அதை உலோகத்தோடு ஒப்பிட வேண்டும் என்று அந்தப் புலவருக்குத் தோன்றியிருக்கிறது. உலோகத் தகட்டில் மேடுபள்ளம் இருக்காது. அதாவது சுவர் சமமாக இருக்க வேண்டும் என்ற ஆசைக்கு நம் மொழியில் ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷ வயது. எங்கப்பா தனியாள் இல்லை.

சுண்ணாம்புப் பூச்சுக்கு இன்னொரு சாட்சி தஞ்சைப் பெரிய கோயில். கருவறையைச் சுற்றியுள்ள நடையில் நாயக்கர் காலத்து ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் இருப்பதை எஸ்.கே. கோவிந்தசாமி 1931இல் கண்டுபிடித்தார். கருங்கல் சுவர், அதன்மேல் மெல்லிய சுண்ணாம்புப் பூச்சு, அதில் சோழர் ஓவியம், அதன்மேல் இன்னொரு பூச்சு, அதில் நாயக்கர் ஓவியம். மேல்பூச்சு உதிர்ந்த இடத்தில்தான் கீழே ஆள் இருப்பது தெரிந்தது. பூச்சு என்பது மறைக்கிற வேலை மட்டுமில்லை, முந்நூறு வருஷம் போலப் பத்திரமாக வைத்திருக்கிற வேலையும்தான் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

சென்னைப் பளிங்கு

மெட்ராஸுக்கு வந்த வெள்ளைக்காரர்கள் ரொம்ப வியந்த விஷயங்களில் ஒன்று இங்கே உள்ள சுவர்ப்பூச்சு. அவர்கள் அதை 'சுனாம்' என்றார்கள். நம் சுண்ணம்தான். கடற்கரையில் கிடைத்த கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டு, தண்ணீர் ஊற்றி நீற்றி, மணலோடு அரைத்து, மூன்று கோட்டாகப் பூசுவார்கள். கடைசிக் கோட்டுக்கு மணலே கிடையாது. சலித்த வெள்ளைச் சுண்ணாம்பு, முட்டையின் வெள்ளைக்கரு, தயிர், நெய். அதைச் சுவரில் தேய்த்து, வழவழப்பான கல்லால் மணிக்கணக்காக இழைப்பார்கள். பளபளவென்று பளிங்கு மாதிரி ஆகிவிடும்.

செயின்ட் ஹெலினா தீவின் கவர்னராக இருந்த ஐசக் பைக் என்பவர் இந்த மெட்ராஸ் சாந்தின் செய்முறையை எழுத, லண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் 1732இல் அது அச்சானது. மணலும் சுண்ணாம்பும், கரைத்த வெல்லம், வேகவைத்துக் கூழாக்கிய பயறு, கடுக்காய்த் தண்ணீர் என்று அது போகிறது. நியூட்டனின் கட்டுரைகள் வந்த இதழில் நம்ம கொத்தனார்களின் கைப்பக்குவம் வந்திருக்கிறது. அந்தக் கொத்தனார்களில் ஒருவரின் பெயராவது வரலாற்றில் நின்றிருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

சென்னையில் இன்று ராஜாஜி மண்டபம் என்று நாம் சொல்லும் கட்டடம், கிழக்கிந்தியக் கம்பெனியின் விருந்து மண்டபமாக 1802இல் முடிந்தது. கட்டியவர் ஜான் கோல்டிங்ஹாம். அவருடைய முதன்மையான உத்தியோகம் மெட்ராஸ் வானாய்வகத்தில், வானியலாளராக. சூரியனையும் நட்சத்திரத்தையும் அளந்தவர் கிரேக்கக் கோயில் மாதிரி ஒரு கட்டடத்தை எழுப்பினார். கிரேக்கத்தில் தூண்கள் சலவைக்கல். அந்தக் கால மெட்ராஸில் இப்படிப்பட்ட தூண் என்றால் உள்ளே செங்கல், மேலே சுண்ணாம்பு. தோட்ட வீடுகள் பலவற்றிலும் இதே கதைதான். வெறும் செங்கலைச் சலவைக்கல் என்று நம்பவைக்கும் வித்தை அது. அந்த வித்தை பலிக்க வேண்டும் என்றால் ஓர் அலைகூட இருக்கக் கூடாது.

எங்கள் பக்கத்துச் செட்டிநாட்டு வீடுகளிலும் இந்தப் பூச்சு உண்டு. நூறு வருஷம் ஆன சுவரில் கை வைத்தால் இன்றைக்கும் ஜில்லென்று இருக்கும். முகம்கூட மங்கலாகத் தெரியும். அதைப் பார்த்து வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு நல்ல சுவர் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று மனசில் ஒரு கணக்கு உண்டு. அப்பாவின் கோபத்துக்கு அடியில் இருந்தது அந்தக் கணக்குதான்.

அப்பத்தாவின் கை

அப்பத்தாவிடம் போய் உட்கார்ந்தேன். எண்பத்தைந்து வயது. காது மந்தம், ஞாபகம் மந்தமில்லை. கல்யாணமான புதிதில், பழைய வீடுகளை ஒக்கிடுகிற வேலைக்குச் சித்தாளாகப் போனவர். மொட்டைமாடிக்குத் தளம் தட்டுகிற வேலை.

அந்தக் காலத்து மாடி இப்போது மாதிரி கம்பி கட்டிக் கான்கிரீட் ஊற்றுவது இல்லை. தேக்கு உத்திரம், அதன்மேல் குத்துக்கல்லாக அடுக்கிய சின்னச் செங்கல், அதன்மேல் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்த கலவை. அந்தக் கலவையைக் கட்டையால் தட்டித் தட்டி இறுக்க வேண்டும். அதன்மேல்தான் தட்டோடு பதிப்பார்கள். மெட்ராஸ் டெரஸ் என்று பொறியியல் புத்தகங்களில் பெயர் வாங்கிய முறை அது.

"எத்தன நாளு அப்பத்தா தட்டுவீங்க?"

"நாளா? கட்ட எகிறணும்டா. தளத்துல அடிச்சா கட்ட எகிறிக் கைக்கு வரணும். அது வர்ற வரைக்கும் தட்டணும். வரிசையா உக்காந்து, கடுக்காத்தண்ணியத் தெளிச்சுத் தெளிச்சு. ஒருத்தி பாட்டெடுப்பா. சாயங்காலம் வெரலெல்லாம் வெந்துபோயிருக்கும்."

"வெந்துபோகுமா?"

"சுண்ணாம்புல்ல?"

வலது உள்ளங்கையைக் காட்டினார். ரேகைகள் தேய்ந்துபோன கை. பாலிஷ் ஏறிய அந்தச் சுவர்களைப் பற்றி நான் வாசித்த எதிலும் இந்தக் கை இல்லை.

சுண்ணாம்பு ஏன் இவ்வளவு நேரம் கேட்கிறது? கிளிஞ்சலைச் சுடும்போது அதில் இருக்கும் கரியமில வாயு வெளியே போய்விடுகிறது. நூறு கிலோ சுத்தமான சுண்ணாம்புக்கல் சுட்டால் ஐம்பத்தாறு கிலோதான் மிஞ்சும். நீற்றிச் சுவரில் பூசிய பிறகு, போன வாயுவைக் காற்றிலிருந்து திரும்ப வாங்கிக்கொண்டு மறுபடி கல்லாகிறது. காற்று உள்ளே போக நாள் ஆகும், சில நேரம் மாதம் ஆகும். அதுவரை பூச்சு இளகியே இருக்கும். இன்றைக்குப் பூசி, நாளைக்கு வந்து பார்த்து, மேடு தெரிந்தால் தேய்த்து, பள்ளம் தெரிந்தால் நிரப்பி, நாளை மறுநாள் மறுபடி பார்க்கலாம். தப்பைத் திருத்திக்கொள்ள சுண்ணாம்பு அவகாசம் கொடுக்கும். அந்த அவகாசத்துக்கான விலையைத்தான் அப்பத்தா மாதிரியானவர்கள் கையால் கட்டினார்கள்.

அரைமணி நேரத்தின் வரலாறு

1824இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில் ஜோசப் ஆஸ்ப்டின் என்ற கொத்தனார் ஒரு காப்புரிமை வாங்கினார். சுண்ணாம்பையும் களிமண்ணையும் சேர்த்துச் சுட்டு அரைத்த பொடி. இறுகிய பிறகு போர்ட்லண்ட் என்ற இடத்தில் கிடைக்கும் உயர்ந்த கட்டடக்கல் மாதிரி தெரியும் என்று 'போர்ட்லண்ட் சிமென்ட்' எனப் பெயர் வைத்தார். அவருக்கும் அதே ஆசைதான், மலிவான ஒன்றை விலையுயர்ந்த கல்லாகக் காட்டுவது.

இந்தியாவில் சிமென்ட் தயாரிக்கும் முதல் முயற்சி 1904இல் மெட்ராஸில்தான் நடந்தது. கடல் கிளிஞ்சலை வைத்துத்தான் செய்து பார்த்தார்கள், நிலைக்கவில்லை. 1914இல் போர்பந்தரில் நிலைத்தது. 1934இல் கோவைக்குப் பக்கத்தில் மதுக்கரை, 1939இல் திருச்சிக்குப் பக்கத்தில் டால்மியாபுரம் என்று தமிழ்நாட்டிலும் ஆலைகள் வந்தன. டால்மியாபுரம் என்ற பெயரை நீக்கிக் கல்லக்குடி என்றே வைக்க வேண்டும் என்று 1953இல் மு. கருணாநிதி தண்டவாளத்தில் படுத்த கதை எல்லாருக்கும் தெரியும். அந்த ஆலை தயாரித்த பொடி நம் கொத்தனார்களின் நேரத்தை என்ன செய்தது என்ற கதை அவ்வளவாகத் தெரியாது.

உடனே ஒன்றும் ஆகிவிடவில்லை. சுதந்திரத்துக்குப் பிறகும் ரொம்ப காலம் சிமென்ட் கட்டுப்பாட்டுப் பொருள். விலையும் விநியோகமும் அரசாங்கத்தின் கையில். வீடு கட்ட பெர்மிட் வாங்க வேண்டும். ஒதுக்கீட்டு விவகாரத்தில் மகாராஷ்டிரத்தில் ஒரு முதலமைச்சரே பதவி விலக நேர்ந்தது. 1982இல் கட்டுப்பாடு பாதி தளர்ந்தது, 1989இல் முழுசாகப் போனது. அதற்கப்புறம்தான் சின்ன ஊர்ப் பெட்டிக்கடைக்குப் பக்கத்தில்கூட சிமென்ட் மூட்டை அடுக்கிவைத்தார்கள். காளவாய்கள் அணைந்தன. மாடு சுற்றிச் சுண்ணாம்பு அரைத்த வட்டப்பள்ளங்கள் குப்பை கொட்டுகிற இடமாயின. தளம் தட்டுகிற வேலை போனது. அந்த வேலை செய்த பெண்கள் கலவைச் சட்டி தூக்குகிற சித்தாள்களாகவே மிச்சமானார்கள். கரண்டி அவர்கள் கைக்குப் பெரும்பாலும் வரவே இல்லை.

சிமென்ட் காற்றுக்காகக் காத்திருக்காது. தண்ணீர் பட்டதும் தன் வேலையை ஆரம்பித்துவிடும். குழைத்து அரைமணி நேரத்துக்கு முன்னால் இறுக ஆரம்பிக்கக் கூடாது என்று தரக் கட்டுப்பாட்டு விதியே இருக்கிறது. அரைமணி நேரத்தை ஒரு சலுகையாகச் சொல்கிற விதி! அதற்குப் பிறகு சில மணி நேரம்தான். அதற்குள் கலவையை அடித்து, மட்டக்கம்பால் இழுத்து, மணியாஸ் கட்டையால் தேய்த்து முடித்துவிட வேண்டும். நாளைக்கு வந்து பார்த்துத் திருத்துகிற வேலை இதில் இல்லை. நாளைக்கு அது கல்.

எங்கள் சுவருக்கு என்ன நடந்தது

ஒரு ஞாயிற்றுக்கிழமை கொத்தனாரின் வீட்டுக்கு நானே போனேன். அவர் வீட்டின் முன்சுவர் மட்டும் பூசியிருந்தது. பக்கச் சுவர்கள் வெறும் செங்கல். எங்கள் பக்கத்தில் பாதித் தெரு அப்படித்தான். காசு இருக்கிற வரைக்கும் தெருவுக்குத் தெரிகிற பக்கம்.

"அண்ணன் சொல்றது தப்பில்ல தம்பி" என்று ஆரம்பித்தார். "ஆனா எங்க தப்புன்னு கேக்கலல்ல?"

ஒவ்வொன்றாகச் சொன்னார். கான்கிரீட் தூணும் நடுவே அடைத்த செங்கல் சுவரும் ஒரே நேர்கோட்டில் வரவில்லை. சில இடத்தில் ஒன்றரை செண்டிமீட்டர் உள்வாங்கியிருந்தது. அதை எழுப்பியது வேற ஆள். அந்தப் பள்ளத்தைப் பூச்சிலேயே நிரப்ப வேண்டியிருந்தது. வெளிப்பூச்சு ரெண்டு கோட்டாகப் போட வேண்டும். முதலில் பன்னிரண்டு மில்லி, அது இறுகிய பிறகு எட்டு மில்லி. ஒரே தடவையில் தடியாக அப்பினால் ஈரக் கலவை தன் எடையிலேயே கீழே சரியும். மேலே பள்ளம் விழும், கீழே தொப்பை விழும்.

"ரெண்டு கோட்டுக்கு எங்க தம்பி நேரம்? அண்ணன் முகூர்த்தம் குறிச்சிட்டாரு. ஆடி கடைசில மழை ரெண்டு நாள் நின்னுச்சு, வேல நின்னுச்சு. முன்பக்கம் முழுசும் மூணு நாள்ல முடிச்சேன்."

அஞ்சடிக்கு ஒருமுறை வந்த குறுக்குத் தடம் சாரத்தின் தடம். ஒரு தட்டில் நின்று கை எட்டுகிற வரை பூசி, சாரத்தைக் கீழே இறக்கி அடுத்த தட்டு. மேலே இறுகிய பூச்சோடு புதுப் பூச்சு சேர்கிற இடத்தில் தேய்க்கத் தேய்க்க ஒரு கரை விழும். அப்புறம் மணல். பூச்சுக்கென்று நைசாக வருகிற பி-சாண்ட் விலை கூட என்று, கான்கிரீட்டுக்கு வாங்கி மிஞ்சிய எம்-சாண்டையே சலித்துப் போடச் சொன்னது அப்பா. எனக்கு ஞாபகம் இருக்கிறது. வண்டிக்கு ஃபோன் பண்ண வேண்டாம் என்று என்னிடம் சொன்னதும் அவர்தான்.

"அப்ப உங்க தப்பு ஒண்ணுமே இல்லையா?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "இருக்கு. புள்ளி வைக்கல. சுவர்ல அங்கங்க கலவையில பொட்டு வச்சு, நூல் கட்டி, தூக்குகுண்டு போட்டு, எல்லாப் பொட்டும் ஒரே மட்டம்னு பாத்துட்டுத்தான் பூசணும். அவசரத்துல கண்ணுமட்டமாவே போயிட்டேன். முப்பது வருஷ அனுபவம்னு ஒரு திமிரு."

அவர் அதைச் சொல்லாமலே விட்டிருக்கலாம். நான் கேட்டிருக்காவிட்டால் எங்களுக்குத் தெரிந்திருக்காது.

சுண்ணக்கட்டி

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். முகூர்த்தம், மணல், மூன்று நாள். அவர் ஒன்றும் சொல்லாமல் பேப்பரை விரித்துக்கொண்டார். அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது, "நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு வரச் சொல்லு" என்றார். ஏன் ஏழு மணி என்று நான் கேட்கவில்லை.

கொத்தனார் ஆறே முக்காலுக்கே வந்துவிட்டார், கையில் ஒரு சுண்ணக்கட்டி. வெயில் சுவரில் ஏறியதும் மேட்டுக்கெல்லாம் வட்டம், பள்ளத்துக்கெல்லாம் பெருக்கல் குறி. "காட்டிக்குடுத்ததே இந்த வெயிலுதான். அதையே வச்சு அடையாளம் போட்ருவோம்." ஆறடி அலுமினிய மட்டக்கம்பைச் சுவரில் சாய்த்து, இடையில் விழும் சந்தை ஸ்கேலால் அளந்தார். பிறகு சுத்தியல் பிடியால் இடம் இடமாகத் தட்டினார். 'டொக்' என்று வெறுஞ்சத்தம் வந்தால் அங்கே பூச்சு செங்கலை விட்டுவிட்டது என்று அர்த்தம். ரெண்டு இடத்தில் வந்தது. சுண்ணக்கட்டி அங்கே சதுரம் போட்டது.

மழைக்காலத்தில் தொட வேண்டாம், தையில் பார்க்கலாம் என்றார். தையில் பார்த்தோம். சதுரம் போட்ட இடத்தைச் செங்கல் தெரிகிற வரை கொத்தி எடுத்து, ரெண்டு கோட்டாகப் புதுசாகப் பூசினார். மேடுகளை கிரைண்டரால் சீவினார். ஆழமான பள்ளத்தைக் கொத்திச் சொரசொரப்பாக்கி, நனைத்து, சிமென்ட் பால் அடித்து, மெல்லிசாக நிரப்பினார். மேலாக இருந்த சின்னப் பள்ளங்களுக்கு மட்டும் வெளிச்சுவருக்கான பட்டி. மொத்தத்தையும் பட்டியிலேயே மூடிவிடலாமே என்று அப்பா கேட்டதற்கு, "தடியா வச்சா ரெண்டு மழையில பொக்குப் பொக்கா வந்துரும்ணே" என்றார். சாயங்காலம் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து அடிக்கச் சொல்லிச் சரிபார்த்தார். கார்த்திகை வெயிலைக் கையில் பிடித்த மாதிரி. ஏழு நாள் தண்ணீர் விட்டது நான்.

பி-சாண்டும் சித்தாள் கூலியும் அப்பா கொடுத்தார். கொத்தனார் தன் கூலியை வாங்கவில்லை. பழைய பாக்கி பதினைந்தாயிரத்தை அப்பா ஒரு கவரில் போட்டு, மேலே பேனாவால் தொகையை எழுதிக் கொடுத்தார். எண்ணிப் பார்க்காமல் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

அப்பத்தாவை நாற்காலியில் வைத்துத் தூக்கி வாசலுக்குக் கொண்டுவந்தோம். உள்ளங்கையைச் சுவரில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். "சொரசொரன்னுல்ல இருக்கு" என்றார். சிமென்ட் அப்படித்தான் இருக்கும் அப்பத்தா என்றேன். "ம்" என்று கையைத் துடைத்துக்கொண்டார்.

இந்தக் கார்த்திகையில் மறுபடி பார்த்தோம். இடது ஜன்னலுக்குக் கீழே ஒரே ஓர் அலை இன்னும் இருக்கிறது. ஏழேகால் மணிக்கு வந்து எட்டரைக்குப் போய்விடுகிறது. அப்பா அதைப் பார்த்ததை நான் பார்த்தேன். அவர் பல்லை விளக்கிவிட்டு உள்ளே போய்விட்டார்.